குமுதினியும் லயன் எயாரும்

1998ஆம் வருஷம் செப்டெம்பர் மாதம் 29ஆந் திகதி பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயார் விமானம், மன்னாருக்கு வடக்கே கடலின்மேற் பறக்கையில் வீழ்த்தப்பட்டது. பிரயாணிகள் 48 பேர். பணியாளர் 7 பேர். அந்த 55 பேரில் ஒருவரேனும் மீளவில்லை. பிரயாணிகள் ஏறக்குறைய யாவரும் தமிழர். பெண்களும் குழந்தைகளும் அவருள் அடங்குவர். ஏவுகணை கொண்டு அதனை வீழ்த்தியவர்கள் தமிழீழ விடுதலைப் புலிகள். நம் எழுத்தாளரும் ஆசிரியரும் இதனை அறியாதவரல்லர். அறிந்தும் எழுதினோர் மிகச் சிலர். அது ஏன் என்பதே என் கேள்வி.

இன்றைய மாணவருக்கு ஒன்றைச் சொல்லிவிடுதல் வேண்டும். அந்நாளில் யாழ்ப்பாணத்தார் விமானம் ஏறியது செல்வச் செருக்காலன்று. 1990 முதல் புகையிரதம் யாழ்ப்பாணம் வரவில்லை. வன்னியிற் போர் மூண்டு பெருந்தெரு அடைபட்டிருந்தது. கப்பலும் விமானமுமே வழி. அவற்றுக்கும் அனுமதி பெறக் காத்துக்கிடந்தனர். வைத்தியத்துக்குப் போனோர், கடவுச்சீட்டு எடுக்கப் போனோர், கொழும்பிலிருந்த பிள்ளையைப் பார்க்கப் போனோர் என இத்தகையவர்களே அக்கால விமானங்களை நிரப்பினர். விமானத்தில் ஏறவேண்டாமென எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்ததே என்று இன்றும் சொல்வாருளர். வேறு வழியற்றவனுக்கு விடுக்கும் எச்சரிக்கையின் பொருள் யாதென அவர்கள் சற்றே சிந்தித்தல் நன்று.

நான் அனலைதீவிற் பிறந்தவன். எங்கள் ஊரிலே புகையிலையைச் சந்தைக்குக் கொண்டுபோவதற்கும், நோயாளியைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்கும் வள்ளம் ஏறியே ஆகவேண்டும். ஏறியவன் கரை காணும் வரை தன் உயிரை ஓட்டியின் கையிலே கொடுத்துவிட்டான். வேலிச் சண்டையால் ஆண்டுக்கணக்காகப் பேசாதிருந்த இரு வீட்டார், ஒரே பலகையில் நெருங்கியிருந்து ஊர்காவற்றுறை வரை போனதைச் சிறுவயதிற் கண்டிருக்கிறேன். சோளகம் அடித்து வள்ளம் ஆடியபோது ஒருவர் மற்றவரின் பிள்ளையைப் பிடித்துக்கொண்டார். கரையேறிய பின்னரே முகத்தைத் திருப்பிக்கொண்டனர். பிரயாணி என்ற சொல்லின் பொருளை நான் அங்கேதான் கற்றேன்.

அச்சொல்லின் மானம் 1985ஆம் வருஷம் மே மாதம் 15ஆந் திகதி, எங்கள் தீவுக்குத் தெற்கே சில மைல் தொலைவில், கடலிலேயே குலைக்கப்பட்டது. நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குச் சென்ற குமுதினிப் படகைக் கடற்படையினர் வழிமறித்து ஏறினர். கோடரியாலும் கத்தியாலும் பிரயாணிகளை வெட்டினர். கைக்குழந்தையும் தப்பவில்லை. இறந்தோர் 23 பேருக்குக் குறையாதென்பது உறுதி. ஊரார் கணக்கு 30ஐத் தாண்டும். காயத்தோடு தப்பியோரின் வாக்குமூலங்கள் சர்வதேச மன்னிப்புச் சபை வரை சென்றன. ஆயினும் கடற்படை மறுத்தது. ஒருவரும் தண்டிக்கப்பட்டிலர்.

குமுதினிக்காக நாம் அழுதோம், எழுதினோம், நெடுந்தீவில் ஆண்டுதோறும் அஞ்சலி செய்கின்றோம். மிகவும் தக்கதே. ஆயின் லயன் எயார் பிரயாணிகளுக்கு அவ்வாறு கூடி அழ ஒரு முற்றம் கிடைக்கவில்லை. அவர்தம் உறவினர் வீட்டுக்குள்ளே, குரலடக்கி, ஒரு படத்துக்கு விளக்கேற்றி இருந்தனர். கொன்றவன் அயலான் என்றால் ஒப்பாரி, கொன்றவன் நம்மவன் என்றால் மௌனம் என்ற இவ்வழக்கத்தை நான் ஏற்கமாட்டேன்.

இதற்கு மறுப்புகள் உண்டு. அரசும் போராளிகளும் ஒரு தராசில் வைக்கத்தக்கவர்களா என்பது ஒன்று. அல்லர் என்பதே என் எண்ணமும். குடிகளைக் காக்கவென்று குடிகளின் பணத்திலே சீருடை அணிந்தவன் குடியை வெட்டுவது தனியொரு குற்றம். அரசின் கடமை பெரிது, எனவே பொறுப்பும் பெரிது. ஆயின் அவ்வேறுபாடு 55 பேருக்கு நேர்ந்ததைச் சிறிதாக்கிவிடாது. இதைப் பேசினால் அரசின் பிரசாரத்துக்குத் துணைபோவோம் என்பது இன்னொரு மறுப்பு. அண்மைக்காலம் வரை பேச அஞ்சியவர்களும் இதனையே காரணமாகக் கூறினர். நடந்ததோ நேர்மாறானது. நாம் பேசாமல் விட்டபடியாலன்றோ நம் பிணங்களை அரசு தன் மேடைக்கு எடுத்துக்கொண்டது! குமுதினியின் நீதியைக் கேட்கும்போது, "லயன் எயாரைப்பற்றி ஏன் வாய் திறக்கவில்லை?" என்று திருப்பிக் கேட்கும் வசதியை அதற்கு அளித்தவர்கள் நாமே.

இயக்கமே 2009இல் அழிந்தபின் யாரை விசாரிப்பது என்று கேட்பவர்களுக்கு, எங்கள் தீவார் பலர் குடியேறியிருக்கும் கனடாவின் கதையைக் கூறுவேன். குமுதினி நடந்து 39 நாள் கழித்து, 1985 ஜூன் 23ஆந் திகதி, எயார் இந்தியாவின் கனிஷ்கா விமானம் அயர்லாந்துக் கரைக்கப்பால் வெடித்துச் சிதறியது. பெட்டியொன்றில் வைத்த குண்டினால் 329 பேர் மாண்டனர். பெரும்பாலோர் இந்திய வமிசத்தைச் சேர்ந்த கனடியர். சூழ்ச்சி உருவானதும் கனடா மண்ணிலேயே. ஆயினும் அந்நாட்டார் முதலில் அதனைத் தம் துயரமாக எண்ணவில்லை. குண்டு செய்ய உதவிய ஒருவர் மாத்திரமே தண்டனை பெற்றார். ஏனைய இருவர் 2005இல் விடுதலையாயினர். ஒற்றறியும் துறையார் பதிவுசெய்த ஒலிநாடாக்களை அவர்களே அழித்திருந்தனர் என்பது எத்தனை பெரிய அவமானம்! வழக்குத் தோற்றபின்னும் உறவினர் ஓயவில்லை. அவர்களுடைய விடாமுயற்சியால் நீதியரசர் ஜோன் மேஜர் தலைமையில் ஆணைக்குழு அமைந்தது. 2010இல் அரசின் தவறுகளை அது பெயர் சொல்லி எழுதியது. பிரதமரும் உறவினரிடம் மன்னிப்புக் கேட்டார். லொக்கர்பியில் 1988இல் 270 பேரைக் கொன்ற குண்டுக்கோ, ஸ்கொத்லாந்து நீதிமன்றத்தை நெதர்லாந்துக்குக் கொண்டுபோய் வைத்து விசாரித்து 2001இல் தீர்ப்புச் சொன்னார்கள். தொலைவும் காலமும் தடையென்று எவரும் கைகட்டியிருக்கவில்லை.

இலங்கை அரசுக்கு இத்தகைய வேலை தெரியாதென்று கூறவும் முடியாது. 1982 ஜூனில் இலங்கையர் ஒருவர் இத்தாலிய விமானமொன்றைப் பாங்கொக்கிற் கடத்திவைத்துப் பணம் பெற்றுக் கொழும்புக்கு வந்துசேர்ந்தார். ஓருயிரும் போகவில்லை. அக்குற்றத்துக்குரிய சட்டம் நாட்டில் இல்லாதிருந்தபடியால் அவ்வாண்டிலேயே 24ஆம் இலக்கச் சட்டத்தை இயற்றி, முன் நடந்ததற்கும் அது செல்லுமாறு செய்து, அவரைத் தண்டித்தனர். குமுதினிக்குப் புதுச் சட்டம் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. கொலையைக் கொலையென்று சொல்லும் தண்டனைச் சட்டக்கோவை வெள்ளைக்காரன் காலந்தொட்டே இருக்கிறது.

லயன் எயார் விஷயத்தில் 14 வருஷங்களின் பின், 2012இல், இரணைதீவுக் கடலடியிலிருந்து விமானத்தின் பாகங்கள் எடுக்கப்பட்டன. 2013 ஜனவரியில், மீட்கப்பட்ட உடைகளையும் பொருள்களையும் யாழ்ப்பாணத்திற் பரப்பிவைத்து, அடையாளங்காண உறவினரை அழைத்தனர். உப்பூறிய சட்டையொன்றைத் தூக்கிப் பார்த்து, தையலை விரலால் தடவி, இது என் பிள்ளையினதுதானா என்று தாயொருத்தி தீர்மானிக்கவேண்டிய நிலையை வாசகர் எண்ணிப்பார்ப்பாராக. அந்தத் தாயின் கையிலே ஒரு துண்டுத் துணிக்கு மேலாக, ஏவும்படி கட்டளையிட்டவர் யார், அப்பாதையில் ஆபத்தை அறிந்தும் பறக்கவிட்டவர் யார் என்று கூறும் முழு அறிக்கையொன்று கொடுக்கப்பட்டிருக்கவேண்டும்.

அவ்வறிக்கையை அரசிடம் கேட்போம். குமுதினிக்குரியதையும் அதே மனுவில், அதே கையெழுத்தோடு கேட்போம். இயக்கத்தில் இருந்து உயிரோடு எஞ்சியோரிடமும் உண்மையைக் கேட்கும் உரிமை நமக்குண்டு. அதுவரை ஆசிரியர்கள் செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. தீவகத்திலும் குடாநாட்டிலும் இவ்விரு பிரயாணங்களிலும் உறவிழந்த வீடுகளுக்குச் சென்று, வீட்டார் சம்மதித்தால், போனவர் என்ன அலுவலாகப் போனார், கையில் என்ன கொண்டுபோனார், யார் வழியனுப்பினார் என்று எழுதிவைக்கலாம். ஒரு கொப்பியும் சில மாலைப்பொழுதுகளும் போதும். வழியனுப்பியவர்களுள் முதியோர் பலர் ஒவ்வொருவராய் மறைந்துகொண்டிருக்கின்றனர். வருகிற விடுமுறையிலேயே தொடங்குதல் வேண்டும்.