ஓனர் வெளியூர்ல, வீடு சென்னையில... சாவி யார் கையில்?

நாவலூரிலோ பெரும்பாக்கத்திலோ லோன் போட்டு ஒரு டபுள் பெட்ரூம் ஃபிளாட் வாங்கியாச்சு. அடுத்த வருஷமே கம்பெனி பெங்களூருவுக்கு மாற்றிவிட்டது. பூட்டி வைத்தால் இ.எம்.ஐ. மட்டும் போய்க்கொண்டே இருக்கும். சரி, வாடகைக்கு விடலாம். பராமரிப்பை ஒரு நிறுவனத்திடம் கொடுத்தால் மாதாமாதம் கமிஷன். அதனால் பலரும் எடுக்கிற முடிவு: 'நாமே பார்த்துக்கலாம்.'

போனில் எல்லாம் முடிந்துவிடும் போலத்தான் தெரியும். வாடகை ஜிபேயில், புகார் வாட்ஸ்அப்பில், சொத்து வரி ஆன்லைனில். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் பைப் உடைந்தால், யாராவது ஒருவர் நேரில் போய் நிற்க வேண்டும். அது பெரும்பாலும் ஓனரின் அப்பா, மச்சான், எதிர் ஃபிளாட் அங்கிள், இல்லையென்றால் வாட்ச்மேன். அவர் யார், எதுவரை முடிவெடுக்கலாம் என்பது எந்தப் பேப்பரிலும் இருக்காது. தூரத்தைவிட பெரிய சிக்கல் இதுதான்.

சட்டம் அவரை என்னவென்று சொல்கிறது?

தமிழ்நாட்டில் 1960-ம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017-ல் இயற்றப்பட்ட புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் சட்டம் இது. ஓனருக்குப் பதிலாக வீட்டைப் பார்த்துக்கொள்பவரை இது 'சொத்து மேலாளர்' என்கிறது. அப்படி ஒருவரை வைத்தால், அவர் பெயர், ஓனர் அவருக்கு அதிகாரம் கொடுத்ததற்கான ஆதாரம், எந்தெந்த வேலைக்காக என்ற விவரம் ஆகியவற்றை வாடகைதாரருக்குத் தெரிவிக்க வேண்டும்.

நடப்பது என்ன? "மச்சான் வந்து பார்த்துப்பார்" என்று ஒரு வாட்ஸ்அப் மெசேஜ். அந்த மச்சான் ஒரு நாள் மாலை சொல்லாமல் கொள்ளாமல் வந்து பெல் அடிக்கிறார். வீட்டில் தனியாக இருக்கும் பெண்ணுக்கு அவர் யாரென்றே தெரியாது. சட்டப்படி ஓனரோ மேலாளரோ உள்ளே வர வேண்டுமென்றால், குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

இன்னொன்று, வாடகை பாக்கி என்றதும் வாட்ச்மேனிடம் சொல்லி தண்ணீரை நிறுத்தச் சொல்லும் பழக்கம். தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசிய வசதிகளைத் தானாகவோ வேறு ஒருவர் மூலமாகவோ நிறுத்தக் கூடாது என்கிறது சட்டம். வாடகைதாரர் வாடகை அதிகாரியிடம் போனால், பெங்களூருவில் இருக்கும் ஓனர்தான் பதில் சொல்ல வேண்டும்.

'11 மாசம்தானே'

ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையை சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும் என்பது பதிவுச் சட்டம். அதைத் தவிர்க்க வந்ததுதான் 11 மாத அக்ரிமென்ட். ஆனால் 2017 சட்டம் கேட்பது வேறு பதிவு. 11 மாதமாக இருந்தாலும் எழுத்து ஒப்பந்தம் வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். அரசு இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். வெளியூர் ஓனருக்கு இது சுமை இல்லை, பாதுகாப்பு. ஏனென்றால் பிரச்சினை வந்தால் அவரால் அடிக்கடி லீவு போட்டு வந்து பஞ்சாயத்து பேச முடியாது.

அட்வான்ஸ் விஷயமும் அப்படித்தான். பத்து மாத அட்வான்ஸ் என்பது சென்னையின் பழைய வழக்கம். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி பேசிக்கொண்டால் ஒழிய, 3 மாத வாடகைதான் உச்சவரம்பு. காலி செய்த ஒரு மாதத்துக்குள், பாக்கி இருந்தால் கழித்துக்கொண்டு திருப்பித் தர வேண்டும். சுவர் எப்படி இருந்தது, கீசர் ஓடியதா என்பதற்கு குடிவந்த அன்று எடுத்த வீடியோ இருந்தால் பாதி சண்டை வராது. ஒரே ஒரு எச்சரிக்கை: வாட்ஸ்அப் சாட், வீடியோ எல்லாம் நீதிமன்றத்தில் செல்லும், ஆனால் மின்னணு ஆதாரத்துக்குரிய சான்றிதழும் சேர்த்துத் தர வேண்டும். போனை மாற்றும்போது பழைய சாட்டை அழித்துவிடாதீர்கள்.

ரிப்பேர் செலவிலும் குழப்பம் வேண்டியதில்லை. பெயின்ட், பைப் லைன் மாற்றுவது, வயரிங் ஆகியவை ஓனர் பக்கம். குழாய் வாஷர், சுவிட்ச், பூட்டு, அடைப்பு எடுப்பது போன்றவை வாடகைதாரர் பக்கம். 'இத்தனை ரூபாய் வரை கேட்காமலே செய்துவிடுங்கள், பில் அனுப்புங்கள், வாடகையில் கழித்துக்கொள்ளுங்கள்' என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதிவிட்டால், பிளம்பரை நிற்கவைத்துவிட்டு ஓனருக்கு போன் போட வேண்டியிருக்காது.

இ.பி. பில்லை விட்டுடாதீங்க

தமிழ்நாட்டில் வீட்டு மின்கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. இணைப்பு எண் கையில் இருந்தால் எந்த ஊரிலிருந்தும் பில்லைப் பார்க்கலாம். அடுத்தடுத்து யூனிட்டே ஓடவில்லையா? வீடு பூட்டிக் கிடக்கலாம், இல்லை மீட்டர் பழுது. திடீரென மூன்று மடங்கா? கோடைக்கால ஏசியாக இருக்கலாம். பேசியது ஒரு குடும்பம், இப்போது அங்கே பி.ஜி. ஓடுகிறது என்றும் இருக்கலாம். ஓனரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் உள்வாடகைக்கு விட முடியாது. காலி செய்பவர் கட்டாமல் போகும் கடைசி பில்லும் ஓனர் பெயரிலேயே நிற்கும். அட்வான்ஸைத் திருப்புமுன் அன்றைய மீட்டர் ரீடிங்கை போட்டோ எடுத்து வாங்கிக்கொள்வது நல்லது.

ஓனர் வெளிநாட்டில் இருந்தால்?

இந்தப் பகுதி வாடகைக்கு இருப்பவர்களுக்கு. ஓனர் இந்தியாவில் வசிப்பவர் என்றால், மாத வாடகை 50,000 ரூபாயைத் தாண்டினால்தான் நீங்கள் வரி பிடிக்க வேண்டும். 2024 அக்டோபர் முதல் அது 2%. ஆனால் ஓனர் வருமான வரிக் கணக்கில் வெளிநாட்டுவாசி என்றால் அந்த வரம்பே கிடையாது. 30% வரியும் அதன் மேல் 4% செஸ்ஸும் சேர்த்து 31.2% பிடிக்க வேண்டும். 20,000 ரூபாய் வாடகை என்றால் 6,240 ரூபாய் அரசுக்கு, 13,760 ரூபாய் ஓனருக்கு. இதற்கு வாடகைதாரர் டான் எண்ணும் வாங்க வேண்டும்.

முழு வாடகையையும் துபாயில் இருக்கும் அண்ணனுக்கு ஜிபே செய்துவிட்டால், வரித்துறை நோட்டீஸ் வருவது உங்களுக்கு. அண்ணனுக்கு அல்ல. இது நியாயமா என்றால், இல்லை என்றுதான் தோன்றுகிறது. 18,000 ரூபாய் வாடகை கொடுக்கும் ஒருவரை வரி வசூலிப்பவராக மாற்றுகிறது இந்த விதி. ஆனாலும் விதி அதுதான். ஓனருக்கு அவ்வளவு வரி வராது என்றால், குறைந்த பிடித்தத்துக்கான சான்றிதழை அவர் வருமான வரித்துறையிடம் வாங்கித் தரலாம். குடிபோகும் முன்பே கேட்டுவிடுங்கள்.

வெளிநாட்டு ஓனர் ஊரில் ஒருவருக்குப் பவர் பத்திரம் கொடுப்பதாக இருந்தால், அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி அனுப்ப வேண்டும். அது இந்தியா வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். பத்திரத்தை வாங்கி பீரோவில் வைத்துவிடும் அப்பாக்கள் நிறைய. கூரியர் கவரைத் தூக்கிப் போடாதீர்கள், வந்த தேதிக்கு அதுதான் ஆதாரம்.