பரிந்துரைப் பட்டியல் என்கிற பூட்டு

காரைக்குடியில் எட்டாம் வகுப்புப் படிக்கும் என் அண்ணன் மகள் கோடை விடுமுறை தொடங்கும் நாளன்று பள்ளியிலிருந்து ஒரு தாளைக் கொண்டுவந்தாள். ‘மாணவர்கள் விடுமுறையில் படிக்க வேண்டிய நூல்கள்’ என்று தலைப்பு. ஒவ்வொரு நூலின் பெயருக்கும் எதிரே இரண்டு கட்டங்கள். ஒன்று ‘முடித்த நாள்’. மற்றது ‘பெற்றோர் கையொப்பம்’. திருக்குறள் எளிய உரை, சத்திய சோதனை, அக்கினிச் சிறகுகள், பொன்னியின் செல்வன் ஐந்து பாகங்கள், விவேகானந்தர் வரலாறு, பஞ்சதந்திரக் கதைகள், தெனாலிராமன் கதைகள், வாழ்வில் முன்னேறுவது எப்படி என்று சொல்லித்தரும் மொழிபெயர்ப்பு நூல்கள் இரண்டு. இந்த வகையில் பன்னிரண்டு. அடியில் தடித்த எழுத்தில் ஓர் எச்சரிக்கை: கதைப் புத்தகங்களையும் காமிக்ஸையும் தவிர்க்கவும். பஞ்சதந்திரமும் பொன்னியின் செல்வனும் கதைப் புத்தகங்கள் இல்லையென்றால் வேறு என்ன என்று அவள் என்னைக் கேட்டாள். பட்டியல் போட்டவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி அது.

ஆனால் இந்தப் பட்டியலை யாரும் ‘போடவில்லை’ என்பதே என் குற்றச்சாட்டு. இது கைமாறி வருகிறது. நான் பள்ளியில் படித்தபோதும் ஏறக்குறைய இதே பட்டியல்தான் கரும்பலகையில் எழுதப்பட்டது. அப்போது அப்துல் கலாம் மட்டும் அதில் இல்லை. அக்கினிச் சிறகுகளின் ஆங்கில மூலமே 1999இல்தான் வெளிவந்தது. மற்றபடி, எவரும் எதையும் சேர்த்ததாகவோ நீக்கியதாகவோ தெரியவில்லை. பட்டியலைத் தருகிறவர் அதிலுள்ள நூல்களைப் பதின்மூன்று வயதுப் பிள்ளையை மனத்தில் வைத்து ஒருமுறையேனும் புரட்டிப் பார்த்திருக்கிறாரா என்று எனக்குப் பலத்த ஐயம் உண்டு. ஐயத்துக்குச் சான்று அந்தப் பட்டியலிலேயே இருக்கிறது. அதன் பெயர் சத்திய சோதனை.

அந்த நூலில் என்ன இருக்கிறது? பதின்மூன்று வயதில் தமக்கு நடந்த திருமணத்தையும், இளம் கணவனாகத் தாம் பட்ட காமத்தையும் பொறாமையையும் காந்தி எழுதுகிறார். வீட்டுக்குத் தெரியாமல் புலால் உண்டதையும், பதினைந்து வயதில் அண்ணனின் தங்கக் காப்பிலிருந்து துண்டு திருடியதையும் எழுதுகிறார். தந்தை உயிர் பிரிந்த நேரத்தில் தாம் மனைவியின் அறையில் இருந்ததை வாழ்நாள் முழுக்க அகலாத வெட்கத்தோடு எழுதுகிறார். ஒளிவுமறைவற்ற நூல் அது. பதின்பருவத்துக்கு மிகப் பொருத்தமான நூல் என்றே நான் சொல்வேன். ஆனால் பட்டியல்காரர்கள் அதைச் சேர்த்தது இக்காரணங்களுக்காக அல்ல. அட்டையில் காந்தி இருக்கிறார், அவ்வளவுதான். இதே நிகழ்ச்சிகளை இன்று ஓர் எழுத்தாளர் கற்பனைப் பெயர் சூட்டி ‘இளையோர் நாவல்’ என்று எழுதினால் எந்தப் பள்ளியின் வாசலைத் தாண்டும்?

தாண்டாது என்று சொல்ல எனக்கு அனுபவம் உண்டு. யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ குழந்தைகள் மீதான பாலியல் அத்துமீறலை, ஒரு மரப்பாச்சிப் பொம்மையின் துணைகொண்டு, பயமுறுத்தாமல் பேசுகிற சிறுவர் நாவல். 2020ஆம் ஆண்டுக்கான பால சாகித்ய புரஸ்கார் பெற்றது. அதைப் பள்ளி நூலகத்துக்கு வாங்கலாமே என்று ஆசிரியர் ஒருவரிடம் சொன்னேன். நல்ல மனிதர். புத்தகத்தைத் திறக்காமலே, “இதையெல்லாமா பிள்ளைகள் கையில் கொடுப்பது?” என்றார். அதே அத்துமீறல் பிள்ளைகளின் வாழ்க்கையில் நடக்கலாம். புத்தகத்தில் மட்டும் வந்துவிடக் கூடாது.

இந்த நிலை வேறெங்கும் இருந்தால் நான் இவ்வளவு கசந்துகொண்டிருக்க மாட்டேன். இது நிகழ்வது செட்டிநாட்டில். தமிழில் சிறுவர் எழுத்து என்றொரு துறை உருவானதில் இந்தச் செம்மண் பூமிக்கு இருக்கும் பங்கு சிறிதன்று. குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா 1922இல் இராயவரத்தில் பிறந்தார். ‘சக்தி’ வை. கோவிந்தனும் அதே ஊர்க்காரர். தால்ஸ்தோயையும் பாரதியையும் மலிவு விலையில் வீடுகளுக்குக் கொண்டுசென்ற அவர் குழந்தைகளுக்கென்றும் இதழ் நடத்தினார். எத்தனையோ சிறுவர்களைச் சாகசக் கதைகளுக்குள் இழுத்துச் சென்ற வாண்டுமாமா 1925இல் அரிமழத்தில் பிறந்தவர். தமிழ்வாணன் தேவகோட்டைக்காரர். வரைபடத்தில் இந்த ஊர்கள் எல்லாம் காரைக்குடியைச் சுற்றி ஒரு கைப்பிடிக்குள் அடங்கும். வள்ளியப்பாவின் மகள் தேவி நாச்சியப்பனுக்குச் சிறுவர் இலக்கியப் பங்களிப்புக்காகச் சாகித்ய அகாதெமி 2019இல் விருது அளித்தது. அவர் வாழ்வது இதே காரைக்குடியில். பட்டியலில் இவர்களில் ஒருவர் பெயரும் இல்லை.

தமிழ்வாணன் பெயரைச் சொன்னதும் முகம் சுளிப்பவர்கள் இருப்பார்கள். இலக்கியவாதிகளும் சுளிப்பார்கள், ஆசிரியர்களும் சுளிப்பார்கள். இந்த இரு தரப்பும் ஒத்துப்போகிற இடம் இது ஒன்றுதான். சங்கர்லால் உயர்ந்த இலக்கியம் என்று நான் வாதிட வரவில்லை. ஆனால் என் தந்தையின் தலைமுறை கல்கண்டைப் பாடப்புத்தகத்துக்குள் ஒளித்து வைத்துப் படித்தது. தேநீர் குடித்துக்கொண்டே துப்பறியும் அந்த மனிதரைப் பின்தொடர்ந்துதான் அவர் நூலகத்தின் படியேறினார்; அங்கிருந்து கல்கிக்கும், பிறகு ஜெயகாந்தனுக்கும் போனார். இந்தப் படியை உடைத்துவிட்டு நேரே மாடிக்குத் தாவு என்கிறது நமது பட்டியல். தாவ முடிந்தவர்களுக்குப் பட்டியலே தேவையில்லை.

குப்பை என்று ஒதுக்கப்படுவது எது என்பதற்கு இங்கிருந்தே இன்னொரு பாடம். காரைக்குடியை ஒட்டிய கோட்டையூரில் ரோஜா முத்தையா என்றொருவர் தம் வாழ்நாள் முழுவதும் அச்சேறிய காகிதங்களைச் சேர்த்தார். சங்க நூல்களின் பழம் பதிப்புகளோடு நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், துப்பறியும் நாவல், பழைய பத்திரிகை என்று மதிப்பான நூலகங்கள் தொடாதவற்றையும் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்த பிறகு அந்தத் தொகுப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் விலைகொடுத்து வாங்கியது. அதுவே 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக உருவெடுத்தது. நம் பள்ளிகள் ‘தவிர்க்கவும்’ என்று அடிக்கோடிடும் சரக்கை ஆராய இன்று உலகின் பல மூலைகளிலிருந்தும் அறிஞர்கள் அங்கே வருகிறார்கள்.

பிள்ளைகளின் ‘பக்குவம்’ பற்றியும் பேச வேண்டும். இந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பெட்டியடிப் பையன்கள் நினைவுக்கு வருவார்கள். பர்மாவிலும் மலேயாவிலும் இருந்த செட்டியார் கடைகளில், மேலாளுக்கும் அடுத்தாளுக்கும் கீழே, கணக்குப் பெட்டியின் அருகே அமர்ந்து தொழில் பழகியவர்கள் அவர்கள். மீசை முளைக்காத வயதில் ஊரையும் தாயையும் விட்டுக் கப்பலேறிய பிள்ளைகள். பிறர் பணத்தையும் பிறர் துயரத்தையும் அந்த வயதில் அருகிருந்து பார்த்தவர்கள். அவர்களைக் கடலுக்கு அப்பால் அனுப்பியது சரி என்று நான் சொல்லவில்லை. அந்த வாழ்வின் கொடுமை தனிக்கதை. ஆனால் கொள்ளுத்தாத்தாவை நம்பிப் பெட்டிச்சாவியைக் கொடுத்த சமூகம் கொள்ளுப்பேத்தியை நம்பி ஒரு நாவலைக் கொடுக்கத் தயங்குகிறது. அந்தக் கடைகளின் உலகை ‘கடலுக்கு அப்பால்’ நாவலில் (1959) எழுதிய ப. சிங்காரம் இதே மாவட்டத்துச் சிங்கம்புணரியில் பிறந்தவர். மேல்நிலை வகுப்பு மாணவர்களுக்கு அவர் பெயரையாவது சொன்னார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

எதிர்த்தரப்பில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். கைப்பேசியை விட்டுக் கண்ணெடுக்காத பிள்ளைகளிடம் எந்தப் புத்தகத்தைக் கொடுத்து என்ன பயன் என்று கேட்கிறார்கள். கைப்பேசி ஒரு நொடிகூட அறிவுரை சொல்வதில்லை, அதனால்தான் வெல்கிறது என்பது என் விடை. நாம் அதற்கு எதிராக நிறுத்துவதோ முன்னேற்ற நூல். ஆசிரியர்களுக்கு நேரமில்லை என்பதும் உண்மை. நூலக வேளையைக் கணக்குப் பாடம் விழுங்கிவிடுகிறது. தனி நூலகர் உள்ள பள்ளி அரிது. அலமாரிச் சாவி அலுவலக அறையில் தொங்குகிறது. இவற்றுக்கு ஆசிரியரைப் பழிப்பது அநியாயம்.

அரசு எதுவும் செய்யவில்லை என்றும் சொல்ல இயலாது. பள்ளிக் கல்வித்துறை 2022இல் ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்காகத் ‘தேன்சிட்டு’ இதழைத் தொடங்கியது. 2023இல் வந்த வாசிப்பு இயக்கம், நுழை, நட, ஓடு, பற என்று படிநிலை பிரித்துச் சிறு நூல்களை அரசுப் பள்ளிகளுக்குக் கொண்டுசென்றது. வயதை மட்டும் பார்க்காமல் பிள்ளையின் வாசிப்புத் திறனைப் பார்த்துப் புத்தகம் தர வேண்டும் என்ற எளிய உண்மை அதில் இருக்கிறது. ஆண்டுக் கட்டணத்தை உயர்த்தத் தவறாத தனியார் பள்ளிகளில் எத்தனை இதைப் பார்த்துக் கற்றன? நாம் கட்டும் சொத்துவரியோடு நூலக வரியும் சேர்த்தே வசூலாகிறது. 1948ஆம் ஆண்டு நூலகச் சட்டத்தின் கொடை அது. 2025 ஜனவரியில் அழகப்பா பல்கலைக்கழக வளாகத்தில் வளர் தமிழ் நூலகம் வேறு திறக்கப்பட்டது. கட்டடங்களுக்குக் குறைவில்லை. பதின்மூன்று வயதுப் பிள்ளையை அழைத்துப்போய், ‘உனக்குப் பிடித்ததை எடு’ என்று விட்டுவிட்டு விலகி நிற்கும் பெரியவர்களுக்குத்தான் குறைவு.

நான் அவளுக்கு என்ன கொடுத்தேன் என்று கேட்கலாம். முதலில் கி. ராஜநாராயணனின் ‘பிஞ்சுகள்’. கரிசல் காட்டில் பறவைகளின் பின்னால் அலையும் சிறுவனின் கதை. ஒரே நாளில் முடித்துவிட்டு எங்கள் ஊருணிக் கரையில் நிற்கும் பறவைகளின் பெயர் கேட்டாள். எனக்குப் பாதிப் பெயர் தெரியவில்லை. அடுத்து உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’. கீழடியை மையமாகக் கொண்ட இளையோர் நாவல், 2023இல் பால சாகித்ய புரஸ்கார் பெற்றது. கீழடி நம் சிவகங்கை மாவட்டத்தில்தான் இருக்கிறது. அருங்காட்சியகத்துக்குப் பேருந்து பிடித்துப் பிள்ளைகளை அழைத்துச் செல்கிற பள்ளிகள், கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும் பொருள்களுக்கு உயிர் கொடுக்கும் இந்த நூலை ஏன் உடன் கொடுக்கக் கூடாது? ஜெயமோகன் சிறுவர்களுக்காக எழுதிய ‘பனிமனிதன்’ அவளுக்கு மிகவும் பிடித்தது. 1981இல் க்ரியா வெளியிட்ட ‘குட்டி இளவரசன்’ பிடிக்கவில்லை. ‘ஒன்றுமே நடக்கவில்லை’ என்றாள். நான் மறுக்கவில்லை. பிடிக்கவில்லை என்று சொல்லிப் புத்தகத்தைப் பாதியில் மூடும் உரிமை எந்தப் பட்டியலிலும் கிடையாது. அந்த உரிமை இல்லாதவனை நான் வாசகன் என்று கருதுவதில்லை.

சிவகாசியின் முத்து காமிக்ஸ் பழைய இதழ்கள் சிலவும் என்னிடம் உண்டு. இரும்புக்கை மாயாவியை எட்டாம் வகுப்பில் நான் படித்த அதே அவசரத்தோடு அவள் படிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரித்துவிட்டாள். தலைமுறைகள் மாறிவிட்டன, நம் ரகசியப் பொக்கிஷங்களையும் நாளைய பட்டியலாக ஆக்கிவிடக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பூமணியின் ‘வெக்கை’யைப் (1982) பற்றிக் கேட்டாள், ‘அசுரன்’ படத்தைப் பார்த்திருந்ததால். அதன் நாயகன் சிதம்பரம் பதினைந்து வயதுப் பையன். கையில் அரிவாள், முதுகுக்குப் பின்னால் சாதியும் நிலமும். இன்னும் இரண்டு வருடம் போகட்டும், இருவரும் சேர்ந்து படிப்போம் என்றேன். தடுக்கிறேனா, தள்ளிப்போடுகிறேனா என்று அவளுக்கு ஐயம் வந்திருக்கும். எனக்கும் வந்தது.

பொன்னியின் செல்வனை அவள் தொட்டாள். முதல் பாகத்தில் வந்தியத்தேவன் கடம்பூர் மாளிகையில் இருக்கும்போது பள்ளி திறந்துவிட்டது. தாளைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய நாள் காலையில், அலுவலகத்துக்குக் கிளம்பும் அவசரத்தில், அண்ணன் பன்னிரண்டு கட்டங்களிலும் கையொப்பமிட்டார். அவள் படித்த நூல்களில் ஒன்றுகூட அந்தத் தாளில் இல்லை. படிக்காத பன்னிரண்டுக்கும் வகுப்பில் பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள்.