அணிலுக்கும் பளியருக்கும் ஒரே காடுதான்

"காடு, புலி, பல்லுயிர் என்றெல்லாம் பேச நமக்கு ஏது நேரம்? வன்கொடுமை வழக்குகளே தேங்கிக் கிடக்கின்றன" என்று நம் தோழர்கள் சிலர் கேட்பதுண்டு. சூழலியல் என்றாலே கேமராவும் பைனாகுலரும் வாங்க முடிந்தவர்களின் பொழுதுபோக்கு என்கிற எண்ணம் நம்மிடையே இருக்கிறது. அந்த எண்ணம் காரணமில்லாமல் வந்ததல்ல. காட்டைப் பற்றிப் பேசும் மேடைகளில் காட்டில் வாழ்கிறவர்களை நாம் பார்ப்பதே இல்லை. ஆனால் அதற்காக அந்த மேடையை அவர்களிடமே விட்டுவிட்டு வர முடியாது. எந்த உயிரினம் காப்பாற்றப்பட வேண்டும் என்று முடிவெடுக்கும் இடத்தில்தான், எந்த மனிதர் வெளியேற வேண்டும் என்பதும் முடிவாகிறது. ஆகவே இது நம் பிரச்சினை.

ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ நின்று மேற்கே பார்த்தால் தெரிகிற மலைக்காடு 1988 டிசம்பரில் சாம்பல் நிற அணில்கள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2021 பிப்ரவரியில் இதையும் மேகமலையையும் சேர்த்துப் புலிகள் காப்பகம் ஆக்கினார்கள். தமிழ்நாட்டின் 5ஆவது, இந்தியாவின் 51ஆவது காப்பகம் இது. மொத்தப் பரப்பு 1,016 சதுர கிலோமீட்டருக்கும் மேல். அதில் சுமார் 641 உள்மண்டலம், மீதி வெளிமண்டலம். அந்தப் பக்கம் கேரளத்தின் பெரியாறு புலிகள் காப்பகம். புலி, யானை, வரையாடு, சிங்கவால் குரங்கு, இருவாச்சி எல்லாம் வாழ்கிற மலை.

முதலில் அந்த அணிலைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்வோம். இது நம் வீட்டு முற்றத்தில் ஓடுகிற மூன்று கோட்டு அணில் அல்ல. ஒன்றரை கிலோவுக்கு மேல் எடை வரும். இலங்கையிலும் தென்னிந்தியாவின் சில காடுகளிலும் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. தரையில் இறங்குவது அபூர்வம். ஒரு மரத்தின் கிளை அடுத்த மரத்தின் கிளையைத் தொட்டால்தான் அதற்கு நடமாட்டமே. கூட்டையும் அப்படிக் கிளைகள் கலக்கிற உயரத்தில்தான் கட்டும், கழுகு வந்தால் பக்கத்து மரத்துக்குத் தப்பி ஓடுவதற்காக. ஓடைக்கரைகளில் நெருங்கி வளர்ந்த புளி, மா, நாவல், மருது போன்ற மரங்கள்தான் அதன் உணவும் சாலையும். நடுவில் இருக்கிற ஒரு பெரிய மரத்தை வெட்டினால், வெட்டியவருக்கு அது ஒரு மரம். அணிலுக்கு ஊர்ப்பாலம் இடிந்த மாதிரி.

அதனால் அணிலைக் காப்பது என்றால் ஓடைக்கரையைக் காப்பது, அதன் வழியாக ஓடையைக் காப்பது. ராஜபாளையத்துக்குக் குடிநீர் தரும் ஆறாவது மைல் நீர்த்தேக்கத்துக்கும், வத்திராயிருப்புப் பக்கத்துப் பிளவக்கல் அணைக்கும் தண்ணீர் இந்த மலையிலிருந்துதான் வருகிறது. மலை வறண்டால் கீழே முதலில் காய்கிற குழாய் எந்தத் தெருக் குழாய் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பணமுள்ளவர் ஆழ்துளை போடுவார், லாரித் தண்ணீர் வாங்குவார். காலனிப் பெண்கள் குடத்தோடு நிற்பார்கள். காட்டைக் காப்பதில் நமக்கு அக்கறை இருக்கிறது என்று சொல்ல வேறு காரணம் வேண்டியதில்லை.

சரி, யாரிடமிருந்து காப்பது? இங்கேதான் சாதி உள்ளே வருகிறது.

இந்தக் காட்டுக்குள் பலரும் போகிறார்கள். தாணிப்பாறை வழியாகச் சதுரகிரிக்கு ஆடி அமாவாசை போன்ற நாட்களில் ஆயிரக்கணக்கில் ஏறுகிறார்கள். பிளாஸ்டிக்கும் துணியும் ஓடையில் சேர்கின்றன. அதற்குப் பெயர் பக்தி. மேகமலைப் பக்கம் சோலைக்காட்டை அழித்துத்தான் தேயிலைத் தோட்டங்கள் வந்தன. அதற்குப் பெயர் தொழில். அடிவாரத்தில் மாந்தோப்பும் தென்னந்தோப்பும் வைத்திருப்பவர் காட்டின் ஓரம் வரை வேலி போடுகிறார். அதற்குப் பெயர் விவசாயம். ஆனால் விறகுக்காகச் சுள்ளி பொறுக்கப் போகிற ஒரு தலித் பெண் சிக்கினால் அவர் பெயர் அத்துமீறி நுழைந்தவர். தேனெடுக்கிற பளியர் பிடிபட்டால் அவர் குற்றவாளி. ஒரே காடு. போகிறவர் யார் என்பதைப் பொறுத்துப் பெயர் மாறுகிறது.

கோயிலுக்குப் போகக்கூடாது என்றோ, தோப்பு வைக்கக்கூடாது என்றோ நாங்கள் சொல்லவில்லை. காட்டுக்கு யாரால் எவ்வளவு சேதம் என்று அளப்பதற்கு ஒரே தராசு வேண்டும் என்கிறோம். இப்போது இருப்பது இரண்டு தராசு.

செண்பகத்தோப்பு, தாணிப்பாறை, அய்யனார் கோயில் என்று இந்த அடிவாரத்தில் வாழ்கிற பளியர்கள் தமிழ்நாட்டின் பட்டியல் பழங்குடிகளில் ஒரு பிரிவினர். தேன், கிழங்கு, மூலிகை, நெல்லி, புளி இவற்றோடு அவர்களுடைய வாழ்க்கை பின்னியிருக்கிறது. 1960களில் தென்மலைப் பளியர்களோடு தங்கி ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் பீட்டர் கார்ட்னர், யாரும் யார் மீதும் அதிகாரம் செலுத்தாத, சண்டையை ஒதுங்கித் தவிர்க்கிற சமூகம் என்று அவர்களைப் பற்றி எழுதினார். ஏணிப்படிச் சாதியமைப்பில் வாழ்கிற சமவெளி, இவர்களைப் பார்த்துத்தான் 'நாகரிகம் தெரியாதவர்கள்' என்கிறது.

காட்டை இவர்களுக்கு அந்நியமாக்கியது இன்று நேற்று நடந்ததல்ல. 1882இல் வந்த சென்னை வனச் சட்டம் காடுகளை அரசின் ஒதுக்குக் காடாக்கியது. சுதந்திரத்துக்குப் பிறகும் சிறு வனப்பொருட்களை ஏலம் விட்டுக் குத்தகைதாரருக்குக் கொடுத்தார்கள். பாறையில் தொங்கித் தேனெடுத்தவருக்குக் கூலி, கீழே நின்றவருக்கு லாபம். இன்று புலிகள் காப்பகங்களில் வேட்டைத் தடுப்புக் காவலராகத் தற்காலிகச் சம்பளத்தில் நடக்கிறவர்களில் பழங்குடி இளைஞர்கள் கணிசம். அவர்களுடைய தடமறியும் அறிவு வேண்டும், உரிமை மட்டும் வேண்டாம் என்றால் எப்படி?

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 2006இல் வந்த வன உரிமைச் சட்டம், பழங்குடிகளுக்கும் காட்டைச் சார்ந்து வாழும் பிற மக்களுக்கும் சிறு வனப்பொருள், மேய்ச்சல், நீர்நிலை மீதான உரிமைகளை ஏற்கிறது. அதைவிட முக்கியமாக, காட்டைப் பாதுகாக்கவும் நிர்வகிக்கவும் சமூகத்துக்கு உரிமை தருகிறது. காட்டுயிரையும் பல்லுயிரையும் காக்கும் அதிகாரத்தை 5ஆவது பிரிவு கிராமசபையிடம் கொடுக்கிறது. உரிமை அங்கீகார நடவடிக்கை முடியும்வரை யாரையும் வெளியேற்றக்கூடாது என்கிறது 4(5). காட்டுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் 38வி பிரிவும், காப்பகத்தின் உள்மண்டலத்தை மக்களின் உரிமைகளைப் பாதிக்காமல்தான் வரையறுக்க வேண்டும் என்கிறது.

நடந்தது வேறு. தமிழ்நாட்டில் 2008இல் உயர் நீதிமன்றம் பிறப்பித்த இடைக்கால உத்தரவால் பட்டா வழங்குவது நின்றது. 2016இல் உச்ச நீதிமன்றம் அதை நீக்கும்வரை எட்டு ஆண்டுகள் வீணாயின. 2017இல் தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம், உள்மண்டலங்களில் வன உரிமை வழங்கக்கூடாது என்று உத்தரவு போட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் அடுத்த ஆண்டு திரும்பப் பெற்றது. 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் காடுகளில் கால்நடை மேய்ச்சலைத் தடை செய்தது. பிறகு அந்தத் தடையைப் புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்கா என்ற அளவுக்குச் சுருக்கியது. 2024 ஜூனில் அதே புலிகள் ஆணையம் நாடு முழுவதும் உள்மண்டலங்களில் இருக்கிற 591 கிராமங்களை, 64,801 குடும்பங்களை இடமாற்றும் வேலையை விரைவுபடுத்தச் சொல்லி மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. 'தன்விருப்ப' இடமாற்றம் என்கிறார்கள். சாலையும் மின்சாரமும் பள்ளிக்கூடமும் கொடுக்காமல் வைத்திருந்துவிட்டு, குடும்பத்துக்கு 15 லட்சம் என்று நீட்டினால் அதில் விருப்பம் எவ்வளவு, நெருக்கடி எவ்வளவு?

"உரிமை கொடுத்தால் காடு அழிந்துவிடும்" என்பது எதிர்த்தரப்பு வாதம். இதை ஒதுக்கித் தள்ளாமல் பதில் சொல்ல வேண்டும். காட்டுக்குள் வேட்டை நடக்கிறது, மரக்கடத்தல் நடக்கிறது, தோப்பு ஓரங்களில் சட்டவிரோத மின்வேலியில் யானைகள் சாகின்றன. காவல் தேவைதான். ஆனால் உள்ளே வாழ்கிறவரை வெளியேற்றுவது காவல் ஆகுமா?

கர்நாடகத்தின் பிலிகிரி ரங்கனாத சுவாமி மலைக்கு வாருங்கள். அங்கே சோலிகர் பழங்குடிகளுக்கு 2011இல் சமூக வன உரிமை கிடைத்தது. ஒரு புலிகள் காப்பகத்துக்குள் இந்த உரிமை ஏற்கப்பட்டது நாட்டிலேயே அதுதான் முதல் முறை. அந்தக் காட்டில் புலிகள் குறைந்துவிடவில்லை. அடுத்த கணக்கெடுப்பில் கூடியே இருந்தன. சோலிகர்கள் இன்னொன்றும் சொல்கிறார்கள். பருவத்துக்கு முன்பு சருகுக்கு மட்டும் சிறு தீ வைப்பது அவர்கள் வழக்கம். அதைத் தடை செய்த பிறகுதான் உண்ணிச்செடி காடு முழுக்கப் புதராய் மண்டியது என்கிறார்கள். ஆய்வாளர்களும் அதைக் காது கொடுத்துக் கேட்கத் தொடங்கினார்கள். உண்ணிச்செடி மண்டினால் புல் போகிறது, புல் போனால் மான் போகிறது, மான் போனால் புலி எதைத் தின்னும்? ஒரு சமூகத்தின் அறிவைத் தடை செய்ததன் விலையைக் காட்டுயிரும் சேர்ந்துதான் கொடுக்கிறது.

இந்த இடத்தில் மகாடு நினைவுக்கு வருகிறது. 1927 மார்ச்சில் அண்ணல் அம்பேத்கர் மக்களைத் திரட்டிச் சவுதார் குளத்தில் தண்ணீர் குடித்தபோது, அந்தக் குளத்தில் ஆடு மாடு குடிக்கலாம், தீண்டப்படாதவர் குடிக்கக்கூடாது என்கிற நிலை. அங்கே தப்பு தண்ணீர் குடித்த மாட்டின் மேல் இல்லை. இங்கேயும் புலியோ அணிலோ நம் எதிரி இல்லை. விலங்கைக் காட்டி மனிதரை விலக்குகிற அதிகாரம்தான் எதிரி. அதனால் "புலி வேண்டுமா, மனிதர் வேண்டுமா" என்று யாராவது கேட்டால், அந்தக் கேள்விக்குள் நாம் நுழையக் கூடாது. அது அவர்கள் வசதிக்காக வைத்த கேள்வி.

தலித்துகளாகிய நமக்கு இதில் நேரடியாகவும் ஒரு பங்கு உண்டு. வன உரிமைச் சட்டத்தில் பழங்குடிகள் 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்து காட்டைச் சார்ந்து வாழ்ந்ததைக் காட்டினால் போதும். பட்டியல் சாதியினர் உள்ளிட்ட மற்றவர்கள் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள் என்று நிரூபிக்க வேண்டும். கர்ணமும் மணியக்காரரும் ஆதிக்கச் சாதியாக இருந்த ஊரில், அடிவாரச் சேரியின் பெயரை எந்தப் பதிவேட்டில் தேடுவது? பலரும் இங்கேயே சோர்ந்துவிடுகிறார்கள். ஆனால் வழி இருக்கிறது. காகிதம் மட்டுமே ஆதாரம் என்று விதிகள் சொல்லவில்லை. முதியவர்களின் வாக்குமூலத்தை எழுதி வாங்கலாம். பழைய கிணறு, சுடுகாடு, வழிபாட்டிடம் எல்லாம் ஆதாரமாகும். காட்டுக்குள்ளேயே குடியிருக்க வேண்டும் என்பதும் இல்லை, வாழ்வாதாரத்துக்குக் காட்டைச் சார்ந்திருந்தால் போதும் என்று ஒன்றியப் பழங்குடியினர் அமைச்சகம் 2008லேயே விளக்கம் கொடுத்திருக்கிறது.

ஆகவே விருதுநகர் மாவட்டத்தில் படிக்கிற, வேலை செய்கிற தோழர்களுக்குச் சில வேலைகள்.

முதலில், அடிவாரக் குடியிருப்புகளுக்குப் போய்க் கேளுங்கள். அங்கே வன உரிமைக் குழு இருக்கிறதா? 10 முதல் 15 பேர் கொண்ட அந்தக் குழுவைக் கிராமசபைதான் தேர்ந்தெடுக்க வேண்டும். மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும். ஊராட்சிக் கிராமசபையில் இருபது முப்பது பளியர் குடும்பங்களின் குரல் அமுங்கிப் போகும். வன உரிமைக்கான கிராமசபையைக் குடியிருப்பு அளவில் கூட்ட வேண்டும் என்று 2012 வழிகாட்டுதல் சொல்கிறது. அதைக் கேட்டு மனுக் கொடுங்கள்.

இரண்டாவது, காப்பகத்தின் உள்மண்டலத்தை அறிவிப்பதற்கு முன் எந்தக் கிராமசபையிடம் ஒப்புதல் வாங்கினார்கள், எத்தனை சமூக உரிமைக் கோரிக்கைகள் வந்தன, எத்தனை ஏற்கப்பட்டன என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்.

மூன்றாவது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(ஜி) பிரிவைப் படியுங்கள். 2016 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, தலித்தோ பழங்குடியோ தன் வன உரிமையை அனுபவிப்பதைத் தடுப்பதும் வன்கொடுமைதான். காட்டுப் பிரச்சினை வேறு, வன்கொடுமை வழக்கு வேறு என்று நினைத்த தோழர்களுக்குச் சட்டமே பதில் சொல்லிவிட்டது.

நான்காவது, விலங்கியலும் தாவரவியலும் படிக்கிற நம் பிள்ளைகள் இந்தக் காட்டைப் படிக்க வேண்டும். அணில் கூடுகளை எண்ணத் தெரிந்த ஒரு தலித் மாணவியும், எந்த மரம் எப்போது காய்க்கும் என்று தெரிந்த ஒரு பளியப் பாட்டியும் சேர்ந்து எழுதுகிற அறிக்கையை யாரும் எளிதில் ஒதுக்கிவிட முடியாது. காட்டைப் பற்றி முடிவெடுக்கும் குழுக்களில் நம் ஆட்கள் உட்கார வேண்டுமானால், அந்த அறிவோடு உட்கார வேண்டும்.

அடுத்த கிராமசபை எப்போது என்று பாருங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்கள் எப்போதும் உண்டு. அதற்கு முன் மனுவை எழுதிக் கையெழுத்து வாங்கத் தொடங்குங்கள்.