கத்திரி வெயிலில் கூலியைக் குறைக்க வேண்டாம்

கத்திரி வெயிலில் பயிருக்கு எப்போது தண்ணீர் பாய்ச்சலாம் என்று விவசாயப் பெருமக்கள் பலர் கேட்கிறார்கள். களை எடுக்கும் ஆட்களுக்குக் குடிதண்ணீர் பற்றிக் கேட்பவர் அரிது.

காலை 6 மணிக்கே வேலையைத் தொடங்கி 11 மணிக்குள் நிறுத்திவிட வேண்டும். நேரம் குறைந்ததென்று கூலியைக் குறைத்தால், அதை ஈடுகட்ட அவர்கள் வேறொரு வயலில் உச்சி வெயிலில் நிற்பார்கள். ஆகவே அந்நாட்களில் முழுக் கூலி கொடுப்பதே நியாயம் என்பது என் கருத்து. 2024-ல் தமிழக அரசே வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்துள்ளது.

ஒதுங்க மறைவிடம் இல்லாததால் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். வரப்போரம் தென்னங்கீற்றால் ஒரு மறைப்புக் கட்ட என்ன பெரிய செலவு? வியர்வையோடு உப்பும் போய்விடுவதால் உப்பிட்ட நீர்மோர், கஞ்சி தருவது நல்லது. கடலோரப் பகுதிகளில் காற்றில் ஈரம் மிகுதி. வியர்வை உலராமல் உடல் சூடு தணியாது. அங்கே கூடுதல் கவனம் தேவை.

யாரேனும் உளறினாலோ தள்ளாடினாலோ உடனே நிழலில் கிடத்தி, உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் புகட்டக் கூடாது. 108 வண்டியை அழைத்துவிட்டு, அது வரும்வரை தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தாதீர்கள்.