மலைமேல் இருப்பவர் தோற்க வேண்டுமா?

புதிதாகத் தேர் செய்தால், திருவிழாவுக்கு முன்பே அதனை வெள்ளோட்டம் விடுவது நம் ஊர் வழக்கம். அச்சு தாங்குகிறதா, சக்கரம் சரியாக உருள்கிறதா என்று அப்போது தெரிந்துவிடும். கணிப்பொறி விளையாட்டுகளுக்கும் இத்தகைய வெள்ளோட்டம் உண்டு. அதற்கு 'டெமோ' என்று பெயர். விளையாட்டின் ஒரு பகுதியை இலவசமாகக் கொடுத்து, ஆடிப் பார்க்கச் சொல்கிறார்கள். பலர் இணையத்தின் வழியே ஒன்றாக ஆடும் துப்பாக்கி விளையாட்டுகளில் இந்த வெள்ளோட்டம் மிக முக்கியமானது. திரையில் தெரிவது நம் கண்முன் விரியும் காட்சி. எதிரே ஓடுபவரோ பொம்மை அல்லர். வேறோர் ஊரில் அமர்ந்திருக்கும் மனிதர்.

அப்படி ஒரு டெமோவை ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரில் இருக்கும் ஒரு மாணவர் ஆடிப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எதிராளி சென்னையில் இருக்கிறார். இருவரும் ஒரே கணத்தில் பொத்தானை அழுத்துகிறார்கள். மலையில் சிக்னல் மெலிந்திருக்குமானால், மலை மாணவர் தோற்பார். பத்து முறை ஆடினால் பெரும்பாலும் அப்படியே நடக்கும். "எனக்குத் திறமை போதாது" என்று அவர் முடிவு கட்டிவிடுவார். இந்த முடிவை அளந்து பார்க்காமல் ஏற்கக் கூடாது என்பதே என் கருத்து.

துப்பாக்கி விளையாட்டுக்கு அறிவியல் இதழில் என்ன வேலை என்று பெரியவர்கள் கேட்கலாம். வயது வரம்பு, பெற்றோர் அனுமதி, நேரக் கட்டுப்பாடு ஆகிய மூன்றும் கட்டாயம் வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் இவ்வகை விளையாட்டுகளின் முன்னோடியான 'மேஸ் வார்' எப்படிப் பிறந்தது தெரியுமா? 1973ஆம் ஆண்டில், அமெரிக்காவின் நாசா ஏம்ஸ் ஆராய்ச்சி மையத்தில் பயிற்சிக்குச் சென்ற ஸ்டீவ் கோலி, கிரெக் தாம்சன், ஹோவர்டு பாமர் ஆகிய மூன்று உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் உருவாக்கியது அது! இரண்டு கணிப்பொறிகளைக் கம்பியால் இணைத்து ஒருவரையொருவர் தேடிச் சுட்டார்கள். ஆடத் தெரிந்தவர்களாக மட்டும் அவர்கள் நின்றுவிடவில்லை. விளையாட்டுக்குள் என்ன நடக்கிறது என்பதையும் அறிந்திருந்தார்கள். நாமும் உள்ளே எட்டிப் பார்ப்போம்.

முதலில் நம் கையின் வேகம். நண்பர் ஓர் அளவுகோலைச் செங்குத்தாகப் பிடித்துத் திடீரென விடட்டும். நீங்கள் விரல்களால் பிடியுங்கள். அது 20 செ.மீ. விழுந்த பின் பிடித்தீர்களானால், ஈர்ப்புவிசைக் கணக்கின்படி நீங்கள் எடுத்துக்கொண்ட நேரம் சுமார் 0.2 விநாடி, அதாவது 200 மில்லிவிநாடி. சென்னையில் செய்தாலும் ஜமுனாமரத்தூரில் செய்தாலும் இச்சோதனையின் விடை மாறாது.

அடுத்து, செய்தியின் வேகம். கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. மலைக்கும் சென்னைக்கும் இடையே இழையின் நீளம் 200 கி.மீ. என்று கொண்டால், போக 1, வர 1, ஆக 2 மில்லிவிநாடி போதும். 3,000 கி.மீ. அப்பால் உள்ள சிங்கப்பூருக்குப் போய்வர 30 மில்லிவிநாடி. 14,000 கி.மீ. அப்பால் உள்ள அமெரிக்க மேற்குக் கரைக்கு 140 மில்லிவிநாடி. இவை இயற்கை விதிக்கும் கட்டணம்; இதற்குக் குறைய எவராலும் முடியாது.

ஆனால் நம் மலை மாணவரின் திரையில் தாமதம் 150, 200 மில்லிவிநாடி என்று காட்டினால்? இயற்கை கேட்ட கட்டணம் வெறும் 2. மீதி எங்கிருந்து வந்தது? தொலைவில் உள்ள செல்போன் கோபுரம், குன்றுகள் மறைக்கும் அலை, சிதைந்துபோய் மீண்டும் அனுப்பப்படும் செய்தி, ஒரே கோபுரத்தில் காத்துக் கிடக்கும் பலர், எங்கோ வைக்கப்பட்ட சர்வர் என்று பல காரணங்கள் இருக்கலாம். இவற்றில் எதுவும் இயற்கை விதி அல்ல. "மலை தொலைவில் இருக்கிறது" என்ற சமாதானம் இங்கே செல்லாது.

இந்தத் தாமதம் என்ன செய்யும்? விநாடிக்கு 5 மீட்டர் ஓடும் எதிராளி, 100 மில்லிவிநாடியில் அரை மீட்டர் நகர்ந்துவிடுவார். நாம் குறிபார்த்த இடத்தில் அவர் இருக்கமாட்டார்!

விளையாட்டை ஆக்குவோரும் இதனை அறிவார்கள். 1996 பிப்ரவரியில் 'குவேக்' விளையாட்டின் சோதனைப் பதிப்பு வெளிவந்தது. அதில் அரக்கர்கள் கிடையாது. ஆட்களே ஆட்களோடு மோத வேண்டும். முழு விளையாட்டு வெளியானபின், தொலைபேசிக் கம்பி வழியே ஆடியவர்கள் தாமதத்தால் திண்டாடினார்கள். அதே ஆண்டு டிசம்பரில் 'குவேக்வேர்ல்டு' வந்தது. சர்வரின் பதிலுக்குக் காத்திராமல், ஆடுபவரின் கணிப்பொறியே அவருடைய அடுத்த நகர்வை ஊகித்துக் காட்டும் முறை அதில் இருந்தது. பின்னர் இன்னொரு முறையும் வந்தது: சுட்டவர் அந்தக் கணத்தில் எதைக் கண்டாரோ அந்த நிலைக்கு சர்வர் காலத்தைப் பின்னோக்கித் திருப்பிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும். சுட்டவருக்கு அது நியாயம். ஆனால் சுவருக்குப் பின்னே ஒளிந்துவிட்ட பிறகும் அடிபட்டவருக்கு? ஆக, இந்தத் தந்திரங்கள் தாமதத்தை ஒழிப்பதில்லை. அதன் சுமையை ஒருவர் தோளிலிருந்து மற்றவர் தோளுக்கு மாற்றுகின்றன.

ஆகவே மாணவ நண்பர்களே, டெமோவைச் சோதனைச்சாலையாகப் பயன்படுத்துங்கள். பல விளையாட்டுகள் தாமத அளவைத் திரையின் ஓரத்தில் காட்டும், 'பிங்' என்பார்கள். காலையில் பத்து முறை, மாலையில் பத்து முறை, வீட்டில், பள்ளியில் எனக் குறித்து அட்டவணை இடுங்கள். சராசரியை மட்டுமல்ல, ஏற்ற இறக்கத்தையும் பாருங்கள். பிறகு இயற்கையின் கட்டணத்தோடு ஒப்பிடுங்கள். மிச்சம் இருப்பது உங்கள் குறையா, கம்பியின் குறையா என்று அந்தத் தாளே சொல்லும்.

விளையாட்டில் தோற்றால் ஒன்றும் குடிமுழுகிவிடாது. ஆனால் இதே கம்பி வழியாகத்தான் பாடம் வருகிறது, தேர்வுக்கான விண்ணப்பம் போகிறது, கல்லூரிக் கலந்தாய்வு நடக்கிறது. 2020ஆம் ஆண்டில் பள்ளிகள் மூடப்பட்டபோது, மலைக் கிராமப் பிள்ளைகள் பலர் சிக்னலைத் தேடிப் பாறைமீதும் மரத்தின்மீதும் ஏறியதை நாடே கண்டது. விளையாட்டில் அரை மீட்டர் தவறுவது போன்றதே, பாடத்தில் ஆசிரியரின் பாதி வாக்கியம் தவறுவதும். இந்தக் குறையை நீக்குவது மாணவரின் பொறுப்பு அன்று. கண்ணாடி இழையை மலை ஊர்களின் பள்ளிவரை கொண்டுசெல்வது அரசின் கடமை. நம் நாட்டினருக்கு அருகிலேயே சர்வரை வைப்பது விளையாட்டு நிறுவனங்களின் கடமை.

முடியாத காரியமா இது? இதே ஜவ்வாது மலையின் காவலூர் வான்நோக்கு நிலையத்தை எண்ணிப் பாருங்கள். 1977 மார்ச் 10 அன்று, ஜே.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் அங்குள்ள 102 செ.மீ. தொலைநோக்கியால் யுரேனஸ் கோளின் அருகே தெரிந்த ஒரு விண்மீனைக் கவனித்தார்கள். அது எதிர்பாராத வேளையில் சில விநாடிகள் மங்கியதைப் பதிவு செய்தார்கள். யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்பதை உலகுக்குக் காட்டிய பதிவுகளுள் அதுவும் ஒன்று. அந்த மங்கல் யுரேனஸிலிருந்து நம்மை வந்தடைய ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் ஆயிற்று. தாமதத்தை அறிந்து, கடிகாரத்தோடு அளந்ததால் அது கண்டுபிடிப்பாயிற்று. வானியலுக்குத் தேவையான கருவிகளை மலைமேல் ஏற்ற முடிந்த நாட்டுக்கு, ஒரு மெல்லிய கண்ணாடி இழையை ஏற்றுவது பெரிதல்ல. அளந்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு அதைக் கேட்க வேண்டியவர்கள் நீங்கள்தாம்.