கல்லா யாருடையது?

2016 ஜூலையில் ஆப்பிரிக்காவில் ஒரு கல்யாணம். கூட்டுக் கம்பெனியில் பீர் முதலாளி சாப்மில்லருக்கு 57 சதம், கோகோ கோலாவுக்கு 11 சதம், பாக்கி குட்ஷே குடும்பத்துக்கு. புது உறவுன்னு நினைக்காதீங்க தோழர்களே, பழைய சம்பந்தம்.

நிறவெறி ஆட்சியிலேயே தென்னாப்பிரிக்காவில் கோக்கை பாட்டிலில் அடைத்து விற்றதில் இதே பீர் கம்பெனிக்குப் பங்கு உண்டு. போராட்ட நெருக்கடியில் 1986-ல் 'வெளியேறுகிறோம்' என்றது கோகோ கோலா. பங்கை விற்றது, மூலச்சாறு ஆலையைப் பக்கத்து ஸ்வாசிலாந்துக்கு மாற்றியது. சரக்கு மட்டும் கடையை விட்டுப் போகவே இல்லை. சட்டையை மாத்திட்டா ஆள் மாறிடுமா?

பீர்க் கதை இன்னும் கொடுமை. வெள்ளையர் குடிக்கும் பீரைக் கறுப்பர் வாங்க 1962 வரை சட்டம் தடுத்தது. அவர்களுக்கு நகராட்சி பீர்க்கூடம்தான். அந்த லாபத்தில்தான் அவர்களை ஒதுக்கிவைத்த நிர்வாகமே நடந்தது. தடை நீங்கியதும் கம்பெனி பீர் சேரிகளுக்குள் நுழைந்தது.

1959-ல் டர்பன் பெண்கள் கம்பெடுத்துக் கூடங்களுக்குள் புகுந்தார்கள். 1976-ல் சோவேட்டோ மாணவர்கள் தீ வைத்தார்கள். அப்பன் கூலி எங்கே போகுதுன்னு பிள்ளைகளுக்குத் தெரிஞ்சிருந்தது.

2017-ல் பீர்ப் பங்கை 315 கோடி டாலருக்குக் கோகோ கோலாவே வாங்கிக்கொண்டது. முதலாளிகள் கை மாற்றிக்கொள்கிறார்கள். காசு போடும் கை மாறவில்லை.

தடியும் தீயும் சரியாகத்தான் குறி வைத்தன: குடிப்பவனை அல்ல, கல்லாவை.