டிடிஓ வெட்டி வேலை இல்லை மச்சான்

"எண்டிட்டியையே நேரா அனுப்பிவிடு மச்சான், உந்த டிடிஓ எல்லாம் வெட்டி வேலை." மென்பொருள் வேலைக்குப் போன முதல் கிழமையிலேயே எங்களில் பலர் கேட்கும் வசனம் இது. சொல்வது பெரும்பாலும் அனுபவமுள்ள ஆள். அதனால் புதுசா வந்தவர்கள் மறுபேச்சுப் பேசுவதில்லை. நான் பேசப்போகிறேன். இது சோம்பல், எளிமை இல்லை. இந்தச் சோம்பலுக்கு விலை கொடுப்பது புரோகிராமரும் இல்லை.

கோட் எழுதாதவர்களுக்கும் விளங்க ஒரு கற்பனை உதாரணம். சீகிரியாவைச் சுற்றியுள்ள விருந்தினர் விடுதிகளில் அறை பதிய ஒரு தளம் கட்டுகிறோம் என்று வையுங்கள். தரவுத்தளத்தில் ஒரு பதிவுக்கு என்னென்ன இருக்கும்? பெயர், தொலைபேசி, அடையாள அட்டை இலக்கம், வந்து போகும் திகதி, காசு கட்டியாச்சா இல்லையா, விடுதிக்காரர் தனக்காக எழுதி வைத்த குறிப்பு. கோடுக்குள் இந்த முழு உருவம்தான் எண்டிட்டி. ஆனால் அறை துப்புரவாக்குபவரின் போனில் தெரிய வேண்டியது அறை இலக்கமும் திகதியும் மட்டும்தான். அந்த இரண்டை மட்டும் காவிக்கொண்டு போகிற சின்னப் பொதிதான் டிடிஓ. ஒன்றை மற்றதாக மாற்றும் அந்தப் பத்து வரியைத்தான் 'வெட்டி வேலை' என்கிறார்கள்.

எழுதாமல் விட்டால் என்ன நடக்கும்? திரையில் இரண்டு விஷயம்தான் தெரியும். ஆனால் பின்னால் வரும் ஜேசனில் எல்லாமே இருக்கும். பிரவுசரில் எஃப்12 அழுத்தத் தெரிந்த எவரும் வாசிக்கலாம். எங்கட பழைய அடையாள அட்டை இலக்கம் வெறும் இலக்கம் இல்லை. முதல் இரண்டு எண் பிறந்த வருடம், அடுத்த மூன்று வருடத்தின் எத்தனையாவது நாள், பெண் என்றால் அதில் 500 கூடும். 90567 என்று தொடங்கினால் 1990 மார்ச் 7இல் பிறந்த பெண். 12 இலக்கப் புது அட்டையிலும் இதே கணக்குத்தான், வருடம் மட்டும் நான்கு எண். தனியாகப் பயணம் வந்து தங்கும் ஒரு பெண்ணின் வயது, போன் நம்பர், அறை இலக்கம் மூன்றையும் முன்பின் தெரியாத ஒருவனுக்குக் கொடுத்துவிட்டு, 'பத்து வரி மிச்சம்' என்று சொல்ல முடியுமா?

இது வெளியே போகும் வழி. உள்ளே வரும் வழி இதைவிட மோசம். வந்த ஜேசனை அப்படியே எண்டிட்டியில் ஊற்றினால், 'காசு கட்டியாச்சு' என்ற ஃபீல்டையும் சேர்த்து அனுப்பும் கெட்டிக்காரன் ஓசியில் தங்கிப்போவான். கற்பனை என்று நினைக்க வேண்டாம். 2012 மார்ச்சில் கிட்ஹப்பிலேயே நடந்தது. ரெயில்ஸில் உள்ள இந்த ஓட்டையைப் பற்றி ஒரு இளைஞர் முறையிட்டார், எடுபடவில்லை. அவர் கிட்ஹப்பின் ஒரு படிவத்தில் வேறொருவரின் பயனர் இலக்கத்தைச் செருகி, ரெயில்ஸ் திட்டத்துக்குள்ளேயே எழுதும் உரிமையைப் பெற்றுக் காட்டினார். அடுத்த வருடம் வந்த ரெயில்ஸ் 4, எந்த ஃபீல்ட் உள்ளே வரலாம் என்று புரோகிராமர் வெளிப்படையாகச் சொல்வதை வழக்கமாக்கியது.

சீகிரியாவின் கண்ணாடிச் சுவரை நினைத்துப் பாருங்கள். காசியப்பனின் கோட்டையைப் பார்க்க வந்தவர்கள் அதில் நேரடியாகக் கீறி எழுதினார்கள். பெரும்பாலும் 8ஆம் நூற்றாண்டு முதல் 10ஆம் நூற்றாண்டு வரை. அவற்றில் 685 பாடல்களைப் பரணவிதான வாசித்து 1956இல் நூலாக்கினார். இன்று அதே சுவரில் கீறினால் குற்றம். 2015இல் தன் பெயரைக் கீறிய ஒரு இளம்பெண்ணுக்கு இரண்டு வருடச் சிறை விதித்து, பிறகு ஜனாதிபதி மன்னிப்பில் விட்டார்கள். அந்தத் தண்டனையால் சுவரில் ஒரு கோடு கூட அழியவில்லை. காக்க வேண்டிய சுவர் என்றால் கை எட்டாத தூரத்தில் வேலி இருக்க வேண்டும். வேலி போடாமல் விட்டுவிட்டு 'ஹேக்கர் வந்திட்டான்' என்று கத்துவது எங்கட துறையின் பழக்கம்.

"ரகசிய ஃபீல்டுக்கு ஜேசன்இக்னோர் போட்டால் போதாதா?" போதாது. அது மறைக்க வேண்டியதை ஒவ்வொன்றாக ஞாபகம் வைக்கும் முறை. ஆறு மாதம் கழித்து வேறொருவர் புதுசா ஒரு கொலம் சேர்ப்பார், மறைக்க மறந்துபோவார், அது தானாக வெளியே போகும். டிடிஓவில் மறந்தால் அந்த ஃபீல்ட் போகாது, அவ்வளவுதான். மறதி எந்தப் பக்கம் விழ வேண்டும் என்பதுதான் கேள்வி. ஒரே பெயர் இருந்தால் தானாக நிரப்பும் மேப்பர்களிலும் கவனம் வேண்டும். எண்டிட்டியை அப்படியே பிரதி பண்ணி டிடிஓ என்று பெயர் வைத்தால், மேப்பர் அத்தனையையும் சுமந்து போகும்.

மற்றப் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். மார்ட்டின் ஃபௌலர் 2002இல் தன் புத்தகத்தில் டிடிஓவை எழுதியது, தூரத்து சர்வரோடு பேசும் தடவைகளைக் குறைக்க. ஒரே புரோகிராமுக்குள் அடுக்கடுக்காக டிடிஓ வைப்பதை அவரே பிறகு கண்டித்தார். ஒரு வேலைக்கு நான்கு வகுப்பு எழுதச் சொல்லும் 'ஆர்கிடெக்ட்' அண்ணாமாருக்கு நானும் எதிரி. நான் கேட்பது ஒரே ஒரு எல்லையில், ஆட்களின் தரவு வெளியே போய் வரும் வாசலில் மட்டும்.

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் எங்கள் நாட்டில் இருக்கிறது. தேவைக்கு மிஞ்சித் தரவைக் கையாளக் கூடாது என்பது அதன் அடிப்படைகளில் ஒன்று. சட்டப் புத்தகத்தில் உள்ள அந்த வசனம் கோடில் எங்கே இருக்கும்? அந்தப் பத்து வரியில்தான். ஆகவே அடுத்த முறை யாராவது 'வெட்டி வேலை' என்றால் ஒன்று மட்டும் கேளுங்கள்: "உங்கட அம்மாவின்ர அடையாள அட்டை இலக்கம் அந்த எண்டிட்டியில் இருந்தாலும் இப்படியே அனுப்புவீங்களா அண்ணை?"